சின்ன வண்டிக்கு ஏற்ற கூண்டு

ஜூலை 3, வியாழன்

இது யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். நீங்கள் படித்துவிட்டால்கூடப் பரவாயில்லை. காட்ட மட்டும் வேண்டாம். முக்கியமாக எங்கள் அப்பாவிடம்.

மேலோட்டமாகப் பார்த்தால் பழைய எடைச் சீட்டுக் கட்டு மாதிரி தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் இதில் எழுதுகிறேன். அப்பாவுக்கு எடை மேடையில் வேலை. நாமக்கல்லிலிருந்து திருச்சி போகும் ரோட்டில், லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்ப்பார்களே, அந்த மேடை. ஒவ்வொரு எடைக்கும் மூன்று சீட்டு வரும். வெள்ளை சரக்குக்காரருக்கு. மஞ்சள் டிரைவருக்கு. மூன்றாவது ரோஸ் நிறம், அது ஆபீசுக்கு. வருஷம் முடிந்தால் ரோஸ் சீட்டெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். மளிகை லிஸ்ட் எழுதுவது, ஆடுகிற கட்டிலுக்கு முட்டுக் கொடுப்பது, டிபன் கேரியர் அடுக்குகள் சத்தம் போடாமல் நடுவே மடித்து வைப்பது, எல்லாம் இதில்தான். என் தலையணைக்குக் கீழே ஒரு கட்டு கிடந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அங்கே எழுதுகிறேன்.

என் பெயர் மிருதுளா. எட்டாம் வகுப்பு. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அம்மா ஈரோட்டில் நர்ஸ். அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். பொங்கல் முடிந்த கையோடு போனாள். அதற்கு முன்னால் ஒரு நாள் அப்பா எடை ஆபீஸில் அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். சாயங்காலம் வரை. மறந்துபோச்சு என்றார். அம்மா நம்பவில்லை. நான் நம்பினேன். இப்போது கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணி வரை அம்மா வந்து என்னைப் பார்க்கலாம். இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை ஜட்ஜ் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாரோடு இருக்கப் போகிறாய் என்று கேட்பாராம். பதில் எனக்குத் தெரியும். இங்கேகூட அதை எழுத மாட்டேன்.

எழுத வந்தது வேறு. இன்றைக்கு அப்பா ஒரு பிக்கப் வண்டி வாங்கி வந்தார். பழையது, வெள்ளை, சின்னது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம்.

"இதுக்கு மேல ஒரு ரூம் வெக்கப் போறோம், அம்முணி. படுக்கை, அடுப்பு, லைட்டு எல்லாம் அதுக்குள்ளயே. வெளிநாட்டுல அப்படித்தான் ஊர் ஊராப் போறாங்க. நாமளும் இந்தியா பூராப் போலாம். ஒரு வருஷம்."

"ஸ்கூலுப்பா?"

"ஸ்கூலு எங்கயும் ஓடிப் போயிராது."

பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாகிட்ட வாயே தொறக்கக் கூடாது. இது நம்ம ரெண்டு பேரு விஷயம்" என்றார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. சாப்பிடத்தான் முடியவில்லை.

என் அறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. போன மாதம் அப்பா ஸ்குரூவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கதவைத் தட்டுவதும் கிடையாது. தள்ளிக்கொண்டு வந்துவிடுவார். அதனால் ஒரு காதைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஜூலை 5, சனி

தண்டபாணி மேஸ்திரியின் பட்டறைக்குப் போனோம். லாரிக்குப் பாடி கட்டுகிறவர். அவர் கட்டுகிற ஒவ்வொரு பாடிக்கும் முதல் எடை அப்பாவின் மேடையில்தான். அதனால் ரொம்ப நாள் பழக்கம்.

"வாங்க லோகநாதன்! வீட்ட முதுகுல கட்டிக்கிட்டுப் போறீங்களாமா? அதுக்கு ஒண்ணு நத்தையாப் பொறக்கோணும், இல்ல பொண்டாட்டி தொரத்தி விட்டிருக்கோணும்" என்று சிரித்தார். பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை. வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிக்கப்பின் முதுகில் உட்கார்கிற அறையை மேஸ்திரி கூண்டு என்கிறார். பட்டறையில் மூன்று கூண்டு இருந்தன. முதலாவது ஒரு சினிமா கம்பெனி சொல்லிவைத்து வாங்காமல் போனது. மூன்று படுக்கை, குட்டியாக ஒரு பாத்ரூம், கண்ணாடி வைத்த அலமாரி. எனக்கு உள்ளே போனதும் வெளியே வர மனசில்லை.

"எடை?" என்றார் அப்பா. வேறு எதுவும் கேட்கவில்லை.

"தொள்ளாயிரத்து எம்பது."

"வண்டி தாங்கறதே ஆயிரம். தண்ணி, ஆளு, சாமானெல்லாம் தலைலயா வெச்சுக்கறது?"

அதிகப் பாரம் தாங்க லாரிகளுக்கு அடியில் வில்லுப் பட்டை சேர்த்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். "அங்கிள், ரெண்டு பட்டை சேத்துப் போட்டா?" என்று கேட்டேன்.

மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். "எடைக்காரரு பொண்ணு பாரு, எப்படிக் கேக்குது! பட்டை சேத்துனா வண்டி குனியாது கண்ணு, அவ்வளவுதான். பிரேக்கு அதேதான, ஆக்சிலும் அதேதான. குனியாத வண்டிக்குப் பாரம் இல்லைன்னு ஆயிருமா?" பிறகு ஒரு பென்சிலை எடுத்து விரலின் மேல் கிடையாக வைத்துக் காட்டினார். "விரலு பின்சக்கரம்னு வெச்சுக்க. எடை அதுக்கு முன்னாலதான் உக்காரோணும். பெரிய கூண்டு பின்னால நீட்டிக்கும். அப்ப முன்சக்கரம் தூக்கிரும், ஸ்டீயரிங்கு பேச்சக் கேக்காது."

"மலை ரோட்டுக்கு ஆகாது" என்றார் அப்பா.

"எந்த மலைங்க?"

"எதோ ஒண்ணு."

இரண்டாவது கூண்டு தேனீ வளர்க்கிற ஒருவருக்காகக் கட்டியது. கூரையை மேலே தூக்கலாம். தூக்கினால் நாலு பக்கமும் தார்ப்பாய்ச் சுவர், அதில் வலை வைத்த ஜன்னல்கள். முந்நூற்று எழுபது கிலோதான். வண்டி ஓடும்போது கூரை தாழ்ந்துவிடுவதால் காற்றும் அடிக்காதாம். சின்ன வண்டிக்கு இதுதான் சரி என்று மேஸ்திரி அடித்துச் சொன்னார். எனக்கும் அதுதான் பிடித்தது. படுத்துக்கொண்டே எல்லாப் பக்கமும் பார்க்கலாம்.

அப்பா தார்ப்பாயை விரலால் சுண்டிப் பார்த்தார். "துணிச் செவுரு. பிளேடு போட்டாக் கிழிஞ்சிரும். உள்ள பேசறது ஊருக்கே கேக்கும்."

மூன்றாவது ஒரு மருத்துவ முகாமுக்கென்று ஆரம்பித்துப் பாதியில் நின்றது. தகரச் சுவர். பின்னால் ஒரே கதவு. டிரைவர் கேபினுக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு படுக்கை, கீழே ஒரு பெஞ்சுப் படுக்கை. ஜன்னல் என்று ஒன்றுதான், நோட்டுப் புத்தக அளவு, திறக்காத கண்ணாடி. அறுநூற்று இருபது கிலோ.

"எத்தனை பேருங்க போறது?" என்று மேஸ்திரி கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். என் தோளில் இருந்த அவர் கை கொஞ்சம் இறுகியது.

"ரெண்டு பேரு" என்றேன்.

நான்தான் சொன்னேன். அப்பா சொல்லவில்லை. இதை எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா வந்தாள். நாலடுக்கு கேரியரில் பிரியாணி, தயிர்ப் பச்சடி, ரவா லட்டு. அப்பா கூடத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணி நேரமும் ஒரே பக்கம்.

"வெளிய என்ன புதுசா வண்டி நிக்குது?" என்றாள் அம்மா.

"ஃபிரண்டோடது" என்றார் அப்பா.

அம்மா என் தலையை வாரிவிட்டாள். "முடி ஏன் இப்படிக் கொட்டுது மிரு? ராத்திரி தூங்கறியா இல்லையா?"

"தூங்கறேம்மா."

கிளம்பும்போது போன வாரத்துக் கேரியரைக் கழுவிக் கொடுத்தேன். எப்போதும் அப்படித்தான், ஒன்று வரும், ஒன்று போகும். அப்பா அதையும் வாங்கித் திறந்து பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுத்தார். மேலடுக்கை மட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்தாராம்.

ஜூலை 8, செவ்வாய்

கணக்கில் நாற்பத்தொன்று மார்க். வயிற்று வலி.

ஜூலை 12, சனி

மூன்றாவது கூண்டுதான் என்று முடிவாகிவிட்டது. இன்றைக்கு அதை வண்டியில் உட்கார வைத்து அளவு பார்த்தார்கள்.

கூண்டுக்கு நாலு மூலையிலும் கால் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் கால்கள் தரைக்கு இறங்கிக் கூண்டைத் தூக்கிக்கொள்ளும். பிறகு வண்டியை அடியிலிருந்து உருவிக்கொண்டு போய்விடலாம். மேஸ்திரி செய்து காட்டினார். பிக்கப் போய்விட்டது, கூண்டு மட்டும் நாலு காலில் தனியாக நின்றது.

"வண்டி இல்லாமயும் நிக்குமுங்க. கூண்ட காட்டுல விட்டுட்டு நீங்க பாட்டுக்கு டவுனுக்குப் போயிட்டு வரலாம்."

அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன். காலில் நிற்கும்போது கூண்டு லேசாக ஆடுகிறது.

இரண்டு விஷயத்தில் பேச்சு வளர்ந்தது. ஒன்று, தாழ்ப்பாள். அப்பா வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் கேட்டார்.

"உள்ள ஆளு படுக்கற கூண்டுக்கு வெளித் தாழ்ப்பாள் நான் வெக்கறதில்லைங்க. மாடு ஏத்தற வண்டியா இது?"

"காட்டுப் பன்னி வரும். நான் வெளிய போனா புள்ள தனியா இருக்கும்."

"பன்னி வந்து கைப்பிடியத் திருப்புமாங்க?"

"நீங்க வெக்க வேண்டாம். நானே வெச்சுக்கறேன்."

இன்னொன்று, காற்று போகிற ஓட்டைகள். மேலே ஒன்று, கதவுக்குக் கீழே ஒன்று. குளிர் அடிக்கும், இரண்டையும் மூடிவிடுங்கள் என்றார் அப்பா.

மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டார். "லோகநாதன், இது வெளையாட்டு இல்லைங்க. இத்தனூண்டு கூண்டுல அடுப்ப வெச்சுக்கிட்டு ஓட்டைய அடைச்சுப் படுத்தா, காலைல ஆரும் எந்திரிக்க மாட்டீங்க."

"தெரியும்" என்றார் அப்பா.

சட்டென்று சொன்னார். நாம் ஏற்கெனவே கேள்விப்பட்டதை ஒருவர் திரும்பச் சொல்லும்போது தெரியும் என்போமே, அந்த மாதிரி.

மேஸ்திரி கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா போன பிறகு அப்பா எனக்கு ஆம்லெட் போட்டுக் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்துகொண்டு, "இருவத்தெட்டாந் தேதி ஜட்ஜம்மா கேட்டா என்ன சொல்லுவ?" என்றார்.

"உங்ககூடத்தாம்ப்பா."

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லாரி மேடையில் ஏறிய பிறகு எண் ஆடி ஆடி ஒரு இடத்தில் நிற்கும்வரை அவர் காத்திருப்பார். அந்தப் பார்வை. நான் ஆம்லெட்டைப் பார்த்தேன்.

"சரி சாப்புடு" என்றார். "உன்னை ஆரும் கேக்கற அளவுக்கு நான் விட மாட்டேன்."

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. ஒரு தடவைகூட.

ஜூலை 16, புதன்

என் சைக்கிளை அப்பா மேஸ்திரியின் மகளுக்குக் கொடுத்துவிட்டார். மீன் தொட்டியைப் பக்கத்து வீட்டுக்கு. பேப்பர் போடுகிறவரிடம் நாளையிலிருந்து வேண்டாம் என்றார்.

"ஒரு வருஷத்துல திரும்பி வருவமேப்பா. அப்ப சைக்கிளு?"

"வந்தா புதுசு வாங்கலாம்."

வந்தால் என்றார். வந்ததும் என்று சொல்லவில்லை. வாய் தவறியிருக்கும்.

ஜூலை 19, சனி

ஆடிக் காற்று இரண்டு நாளாக நிற்கவே இல்லை. அந்தக் காற்றில்தான் கூண்டை மாட்டினார்கள். நாலு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கியாயிற்று. கதவில் அப்பாவே வைத்த தாழ்ப்பாள், புதுசு, பளபளவென்று.

அப்பா டீ சொல்லப் போன நேரத்தில் மேஸ்திரி என்னை உள்ளே கூப்பிட்டார். பெஞ்சுப் படுக்கையின் பலகையைத் தூக்கினார். அடியில், மூலையில், தரையோடு ஒரு ஓட்டை. என் கை நுழைகிற அளவு. வலை போட்டிருந்தது, அது இரண்டு திருகாணியில் நின்றது.

"இது ஒண்ணு வெச்சிருக்கறேன் அம்முணி. இத அடைக்காத. எதுவும் மேல வெச்சு மறைக்காத."

"அப்பாவுக்குத் தெரியுமா அங்கிள்?"

"எல்லாத்தையும் எல்லாருக்கும் சொல்லோணும்னு இல்ல." பிறகு, "அம்மா போன் நம்பர் உனக்கு மனப்பாடமா?" என்றார்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். மேஸ்திரி பலகையைத் தட்டி, "நல்ல கனமான பலகைங்க, தாங்கும்" என்று சத்தமாகச் சொன்னார்.

மத்தியானம் எடை மேடையில் சாமான் ஏற்றினோம். அப்பா எதையும் எடை போடாமல் வண்டியில் வைக்க மாட்டார். ஆபீஸில் இருக்கிற சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கேஸ் சிலிண்டர் இரண்டு, ஐம்பத்தொன்பது கிலோ. தண்ணீர், நாற்பது. மெத்தை, போர்வை, பதினெட்டு. துணி, ஒன்பது. அடுப்பு, மூன்று. அரிசி, இரண்டு.

"இருவதாப்பா?"

"ரெண்டு."

இந்தியா பூராவும், ஒரு வருஷம். வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும். ஆனால் சிலிண்டரும் வழியில் கிடைக்குமே.

எல்லாம் ஏற்றிய பிறகு வண்டியை மேடையில் நிறுத்தினோம். நான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். அப்பா கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு ஓடி வந்து தானும் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். கூட வேலை செய்கிறவர் பட்டனை அழுத்தினார். இரண்டாயிரத்து இருநூற்று ஐந்து. ஆள் உட்கார்ந்த எடை என்றால் சீட்டில் அதைச் சொல்ல வேண்டும். இது அப்பாவின் சட்டம். சீட்டு இல்லாத எடை எடையே இல்லை, ஆளை மறைத்த சீட்டு சீட்டே இல்லை என்பார். ஒரு தடவை கல் குவாரிக்காரர்கள் வந்து மிரட்டியபோதுகூட அவர் மாற்றித் தரவில்லை. அதனால் இன்றைக்கும் ஒழுங்காக அடித்திருக்கிறார். வண்டி எண். பெயர், லோகநாதன். பொருள் என்ற இடத்தில், "கூண்டு, வீட்டுச் சாமான், சிலிண்டர் 2, ஆள் 2." தேதி, மணி.

வெள்ளையையும் மஞ்சளையும் அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரோஸ் சீட்டை ஆபீஸ் கம்பியில் குத்தினார்.

அதை நான் எடுத்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவின் ஆபீஸிலிருந்து ஒன்றைத் திருடியிருக்கிறேன். இப்போது என் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று எடுத்த ரோஸ் சீட்டின் பின்பக்கம், மளிகை லிஸ்ட் மாதிரி, "வெந்தயம், பூண்டு, கடுகு" என்று எழுதினேன். நாலாக மடித்தேன். கழுவிய கேரியரில் மூன்றாவது அடுக்குக்கும் நாலாவது அடுக்குக்கும் நடுவே வைத்தேன், சத்தம் போடாமல் இருக்க எப்போதும் வைப்பது மாதிரியே. மற்ற இரண்டு இடுக்கிலும் பழைய சீட்டுகளை வைத்தேன்.

ஒரு மணிக்கு அப்பா கேரியரை வாங்கினார். மேலடுக்கைத் திறந்தார். இன்றைக்கு இரண்டாவதையும் திறந்தார். நடுவிலிருந்த சீட்டை எடுத்து விரித்தார். அது போன வருஷத்து நெல் லாரிச் சீட்டு. எடையைப் படித்தார். படிக்காமல் அவரால் இருக்க முடியாது. மடித்துத் திரும்ப வைத்துவிட்டு மூடினார்.

"மினுமினுன்னு கழுவியிருக்கா" என்றார் அம்மாவிடம். மாசக்கணக்கில் அம்மாவிடம் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

அம்மா வாசலில் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் காதில் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். அப்பா இரண்டடி தள்ளி நின்றார். "கேரியர நல்லாக் கழுவும்மா. கீழடுக்குல புளிக் கறை போகவே இல்லை" என்றேன்.

"ஹாஸ்டல் போயி பாத்துக்கறேன் சாமி" என்றாள். கைப்பையோடு கேரியரையும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பதினாலு வருஷம் எடைக்காரர் வீட்டில் இருந்தவள். சீட்டைப் பார்த்தால் அவளுக்குப் படிக்கத் தெரியும். பார்த்தால்.

ஜூலை 22, செவ்வாய்

இன்றைக்கும் யாரும் வரவில்லை. போனும் வரவில்லை. கேரியரை ஹாஸ்டல் அலமாரியில் அப்படியே வைத்திருப்பாளோ. ஞாயிற்றுக்கிழமைதான் அதைத் திறப்பாளோ.

ஜூலை 23, புதன்

நாளைக்குக் காலையில் போகிறோமாம். சனிக்கிழமை என்றவர் இப்போது நாளைக்கு என்கிறார். ஸ்கூல் யூனிஃபார்மை எடுத்து வைக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பிறகு, "எடுத்துக்க, உனக்கு அது நல்லாருக்கும்" என்றார்.

ஜூலை 24, வியாழன்

கொல்லிமலையில் இருக்கிறோம். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பதுக்கு மேல் வாந்தி வந்ததால் எண்ண முடியவில்லை. வண்டி நன்றாகத்தான் ஏறியது. சரியான கூண்டைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அடிவாரத்து செக்போஸ்டில் ஒருவர் வண்டி எண்ணை நோட்டில் எழுதிவிட்டு, "இதென்னங்க, முதுகுல வீடு?" என்று கேட்டார். "வீடுதான்" என்றார் அப்பா.

இது யாரோ ஒருவருடைய மிளகுத் தோட்டம். ஆள் யாரும் இல்லை. உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக்கொடி. சாயங்காலம் அப்பா கால்களை இறக்கினார். மேல் ஓட்டையிலும் கதவுக்குக் கீழே இருந்த ஓட்டையிலும் பழுப்பு டேப் ஒட்டினார். குளிருமாம். உண்மையாகவே குளிர்கிறது. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்ன வயதில் நான் எடை மேடையில் ஏறிக் குதித்து எண்ணை மாற்றப் பார்த்ததைச் சொல்லிச் சிரித்தார். அந்த மேடை ஐந்து கிலோவுக்கு ஒரு தடவைதான் எண்ணை மாற்றும், நீ குதிச்சது அதுக்குத் தெரியவே இல்லை, எனக்குத்தான் தெரிஞ்சது என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பசிக்குதா? கஞ்சி வெச்சுரலாம். குடிச்சுட்டுத் தூங்கலாம். நாளைக்கு எந்திரிக்க அவசரமில்ல."

தீப்பெட்டியை எடுத்தார்.

எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. "அப்பா, புது வீடு. பால் காய்ச்சாம அடுப்புப் பத்த வெக்கக் கூடாது" என்றேன்.

அவர் நிறுத்திவிட்டார்.

"நம்ம வீட்டுக்குக் குடி வந்தப்ப நீங்கதான சொன்னீங்க. மொதல்ல பால்தான் பொங்கோணும்னு. அம்மா டீ போடப் போனதுக்குத் திட்டுனீங்க."

அப்பா லிஸ்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக. சிலிண்டர், தண்ணீர், மெத்தை, துணி, அடுப்பு, அரிசி. பால் இல்லை. பால் எழுதவே இல்லை. ஒரு எடை விட்டுப்போனால் அவர் முகம் எப்படி ஆகுமோ, அப்படி ஆனது.

"ஆமா" என்றார். "அதது முறைப்படிதான் நடக்கோணும். கடையில பாத்துட்டு வந்தர்றேன். நீ இங்கயே இரு."

தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பிக்கப்பை அடியிலிருந்து உருவிக்கொண்டு போனார். கூண்டு ஆடி நின்றது. அவர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கடை ரொம்பத் தூரம் போல. மூடியிருந்தால் அடுத்த ஊர் வரை போவார். பால் இல்லாமல் திரும்ப மாட்டார்.

பெஞ்சுப் பலகையைத் தூக்கிவிட்டேன். மேஸ்திரியின் ஓட்டையிலிருந்து காற்று என் காலில் படுகிறது. ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸ் முனையால் வலையின் திருகாணிகளைக் கழற்றினேன். கை வெளியே போகிறது. என்னால் போக முடியாது, ஆனால் இந்தச் சீட்டுக் கட்டு போகும். எழுதி முடித்ததும் வெளியே தள்ளிவிடப் போகிறேன். கூண்டுக்கு அடியில் விழுந்தால் நனையாமல் இருக்கும்.

முதல் சீட்டில் யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது அதை அடித்துவிட்டேன். தயவுசெய்து காட்டுங்கள். எல்லாரிடமும் காட்டுங்கள். முதலில் என் அம்மா சுகந்தியிடம். பிறகு போலீஸிடம். தண்டபாணி மேஸ்திரியிடம், ஓட்டையை நான் அடைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

அப்பாவைக் கத்தித் திட்டாதீர்கள். கத்தினால் அவருக்குக் கை நடுங்கும். அவர் எடையில் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. என்னிடம் சொன்னது மட்டும்தான்.

ஜட்ஜ் அம்மாவிடம் நான் சொல்ல வைத்திருந்ததை எழுதிவிடுகிறேன். நான் அம்மாவோடுதான் இருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து ஒரு மணி வரை, அப்பா வந்து என்னைப்

கதவைத் தட்டுகிறார்கள்.

பிக்கப் சத்தம் கேட்கவே இல்லை. தாழ்ப்பாள் வெளியில்தான் இருக்கிறது, அப்பாவாக இருந்தால் திறந்துகொண்டு வந்துவிடுவார். அப்பா தட்ட மாட்டார். அப்பா ஒரு நாளும் தட்டிய

மறுபடியும்